புதுத் தொழிலின் முதல் மாதக் கணக்கு: குறிப்பேட்டில் பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கணக்கு எழுத உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இது பற்றா (debit), வரவா (credit)?" என்பதுதான். அதற்கு விடை சொல்லும் விதிகள் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆளைத் தடுமாற வைப்பது அதற்கு முந்தைய கேள்வி: நடந்தது என்ன? கொடுத்த பணம் செலவா, சொத்தா? வந்த பணம் வருமானமா, கடனா? எடுத்தது தொழிலுக்கா, வீட்டுக்கா? இந்த மாதத்தோடு முடிகிறதா, அடுத்த மாதத்துக்கும் நீள்கிறதா? இதை முடிவு செய்துவிட்டால் பற்றும் வரவும் தாமாக வந்து பொருந்தும்.

முதல் மாதத்தில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அங்கே தவறாக எழுதினால் அது பல வருடம் கணக்கில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் ஒரு சிறு தொழிலின் முதல் மாதத்தை எடுத்துக்கொண்டு, நடவடிக்கை நடவடிக்கையாகப் பதிவோம். கணினி பழுதுபார்த்து, உதிரிபாகங்களும் விற்கும் தனிநபர் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பது சேவை, உதிரிபாகம் சரக்கு. இரண்டு வகை வருமானத்தையும் எழுதிப் பார்க்கலாம். தொகைகளுக்கு நாணயக் குறி போடவில்லை. உங்கள் நாணயத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன் மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. கணக்கியலில் உரிமையாளர் வேறு, தொழில் வேறு. சட்டப்படி இருவரும் ஒருவராகவே இருந்தாலும் ஏட்டில் அவர்கள் இருவர்தான். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் புரண்டால் எவ்வளவு கவனமாக எழுதினாலும் கணக்கு தெளியாது.

இரண்டாவது, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு தாள். பில், ரசீது, வங்கிச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் சரி. தாளே கிடைக்காத சில்லறைச் செலவுக்கு நீங்களே ஒரு வவுச்சர் எழுதி, பணம் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நடந்ததை நடந்த கையோடு குறித்து வைக்க ஒரு நாள் குறிப்பும் இருக்கட்டும். 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தன் நூலில் இரட்டைப் பதிவு முறையை (ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு பக்கமும் சமமாக எழுதும் முறை) விளக்கிய லூக்கா பாசியோலி, வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்றார்: நடந்ததை அப்படியே எழுதும் நாள் குறிப்பு, அதைப் பற்று வரவாகப் பிரிக்கும் குறிப்பேடு, கணக்குவாரியாகத் தொகுக்கும் பேரேடு. இன்று மென்பொருளில் எழுதினாலும் வேலை இதே மூன்று கட்டங்களில்தான் நடக்கிறது.

மூன்றாவது, கணக்குத் தலைப்புகளின் பட்டியல். என்னென்ன பெயர்களில் கணக்கு வைக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் "மின்கட்டணம்", இன்னொரு நாள் "கரண்ட் பில்" என்று ஒரே செலவு இரண்டு இடத்தில் போய் உட்காரும். இந்த மாதிரிக் கடைக்கு இருபத்தேழு தலைப்புகளே போதும்.

விதி

சொத்து, செலவு, உரிமையாளரின் எடுப்பு (சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்வது): இவை கூடினால் பற்று, குறைந்தால் வரவு.
பொறுப்பு (பிறருக்குத் தர வேண்டியது), முதல் (உரிமையாளர் தொழிலில் போட்டது), வருமானம்: இவை கூடினால் வரவு, குறைந்தால் பற்று.

பாடப்புத்தகங்களில் இதையே வேறு விதமாகப் படித்திருப்பீர்கள். ஆள்சார் கணக்கில் பெறுபவர் பற்று, தருபவர் வரவு. சொத்துக் கணக்கில் உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. பெயரளவுக் கணக்கில் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். முன்பணம், பாக்கி, தேய்மானம் (பயன்படுத்தப் பயன்படுத்தச் சொத்தின் மதிப்பு குறைவது) என்று வரும்போது முதல் முறையில் குழப்பம் குறைவு என்பதால் இங்கே அதையே பின்பற்றுகிறேன்.

பலரையும் குழப்பும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஏட்டில் வங்கியில் பணம் கூடினால் பற்று. ஆனால் வங்கி தரும் அறிக்கையில் அதே தொகை வரவு என்று இருக்கும். அது வங்கியின் ஏடு. உங்கள் பணம் அவர்களுக்குப் பொறுப்பு. அதனால் அவர்கள் வரவு வைக்கிறார்கள். அறிக்கையைப் பார்த்து உங்கள் பதிவைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

குறிப்பேட்டில் ஐந்து பத்திகள்: தேதி, விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்றுத் தொகை, வரவுத் தொகை. பற்று வைக்கும் கணக்கு முதலில்; வரவு வைக்கும் கணக்கு அடுத்த வரியில், சற்று உள்ளே தள்ளி; அதன் கீழ் அடைப்புக்குறிக்குள் விளக்கக் குறிப்பு. பேரேட்டுப் பக்க எண்ணை இப்போது நிரப்ப வேண்டாம். தொகையைப் பேரேட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் எழுத வேண்டும். அப்போதுதான் எது போயிற்று, எது பாக்கி என்று தெரியும்.

தொடக்கம்: உரிமையாளர் போட்ட முதல்

1ஆம் தேதி உரிமையாளர் தொழிலின் வங்கிக் கணக்கில் 3,00,000 போடுகிறார். ஏற்கெனவே தம்மிடம் இருந்த பழுதுபார்க்கும் கருவிகளையும் கடைக்குக் கொண்டு வருகிறார். கடை திறக்கும் முன்பே பதிவுக் கட்டணம், படிவங்கள் என்று கைப்பணத்திலிருந்து 6,000 செலவழித்தும் இருக்கிறார்.

புதியவர்கள் பெரும்பாலும் 3,00,000ஐ மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மற்ற இரண்டும் முதல்தான். கருவிகளை என்ன விலைக்கு எழுதுவது? வாங்கிய விலைக்கு எழுதக் கூடாது. தொழிலுக்குள் வரும் நாளில் அவை பெறும் நியாயமான மதிப்புக்கு எழுத வேண்டும். அது 36,000 என்று வைப்போம். அந்த மதிப்புக்கு எப்படி வந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேருங்கள்.

1ஆம் தேதி
வங்கிக் கணக்கு — பற்று 3,00,000
கருவிகள் கணக்கு — பற்று 36,000
தொடக்கச் செலவுக் கணக்கு — பற்று 6,000
    முதல் கணக்கு — வரவு 3,42,000
(உரிமையாளர் பணமாகவும் கருவிகளாகவும் கொண்டு வந்தது, கடை திறக்கும் முன் கைப்பணத்தில் செய்த செலவு)

ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் ஒரு பக்கம் வருவதால் இது கூட்டுப் பதிவு. தொடக்கச் செலவைச் சொத்தாக எழுதிப் பல வருடங்களுக்குப் பிரிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. சர்வதேசக் கணக்கியல் தரம் 38 அதை ஏற்பதில்லை. செலவான காலத்திலேயே செலவாகக் காட்டச் சொல்கிறது. வரிக் கணக்குக்கு உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம்.

கடன், முன்பணம், வாடகை

2ஆம் தேதி வங்கி 2,00,000 கடன் தருகிறது. கையில் பணம் சேர்ந்தாலும் இதில் ஒரு காசும் வருமானம் இல்லை.

வங்கிக் கணக்கு — பற்று 2,00,000
    வங்கிக் கடன் கணக்கு — வரவு 2,00,000
(தொழிலுக்குப் பெற்ற கடன்)

அதே நாளில் கட்டட உரிமையாளருக்கு 72,000 அனுப்புகிறார். இதில் 60,000 இடத்தைக் காலி செய்யும்போது திரும்பி வரும் முன்பணம். 12,000 இந்த மாத வாடகை. ஒரே பணப்பரிமாற்றமாகப் போனாலும் இரண்டும் வேறு வேறு. மொத்தத்தையும் வாடகை என்று எழுதினால் முதல் மாதமே பெரிய நட்டம் தெரியும். திரும்ப வர வேண்டிய 60,000க்கு ஏட்டில் சுவடே இருக்காது.

வாடகை முன்பணக் கணக்கு — பற்று 60,000
வாடகைக் கணக்கு — பற்று 12,000
    வங்கிக் கணக்கு — வரவு 72,000
(திரும்பப் பெறத்தக்க முன்பணமும் முதல் மாத வாடகையும்)

3ஆம் தேதி கடைச் செலவுக்காக வங்கியிலிருந்து 20,000 எடுத்துக் கல்லாவில் வைக்கிறார். ரொக்கம் பற்று 20,000, வங்கி வரவு 20,000. கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் இதற்குக் கான்ட்ரா வவுச்சர் என்று தனி இடம் இருக்கும்.

சொத்தும் செலவும் பிரியும் இடம்

4ஆம் தேதி மேசை, அலமாரிகள் வாங்குகிறார். விலை 46,000. வங்கி மூலம் 16,000 கொடுத்தாயிற்று, 30,000 பாக்கி. வண்டிக் கூலிக்கும் பொருத்தும் கூலிக்கும் ரொக்கமாக 2,000.

அறைகலன் கணக்கு — பற்று 48,000
    வங்கிக் கணக்கு — வரவு 16,000
    அறைகலன் விற்பனையாளர் கணக்கு — வரவு 30,000
    ரொக்கக் கணக்கு — வரவு 2,000
(அறைகலன் வாங்கியது, வண்டிக் கூலி, பொருத்தும் கூலி உட்பட)

கூலி ஏன் செலவாகவில்லை? சொத்தைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டு வர ஆகும் தொகை எல்லாம் அந்தச் சொத்தின் அடக்கவிலை. அடுத்த வருடம் இதே அலமாரியின் கதவைச் சரி செய்யக் கூலி கொடுத்தால் அது பழுதுபார்ப்புச் செலவு. ஆள் அதே ஆளாக இருக்கலாம், கூலியும் அதே தொகையாக இருக்கலாம். எதற்காகக் கொடுத்தோம் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

5ஆம் தேதி ஒரு வருடக் காப்பீட்டுக்கு 12,000 வங்கியிலிருந்து போகிறது. காப்பு இந்த மாதத் தொடக்கத்திலிருந்தே அமலுக்கு வருகிறது. பணம் போய்விட்டது, ஆனால் பன்னிரண்டு மாதப் பாதுகாப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. எனவே முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு பற்று 12,000, வங்கி வரவு 12,000. மாதக் கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

சரக்கு

6ஆம் தேதி கடனுக்கு உதிரிபாகங்கள் வருகின்றன. பட்டியல் விலை 1,00,000. அதில் 10 சதவீதம் வியாபாரத் தள்ளுபடி. வியாபாரத் தள்ளுபடியை ஏட்டில் காட்டுவதில்லை. கழித்து வரும் 90,000தான் பதிவு.

கொள்முதல் கணக்கு — பற்று 90,000
    உதிரிபாக வியாபாரி கணக்கு — வரவு 90,000
(கடனுக்குச் சரக்கு வாங்கியது)

8ஆம் தேதி பழுதான 5,000 மதிப்புள்ள பாகங்கள் திரும்பிப் போகின்றன. உதிரிபாக வியாபாரி பற்று 5,000, கொள்முதல் திருப்பம் வரவு 5,000. கொள்முதல் கணக்கிலேயே நேராகக் கழித்துவிடலாமே என்று தோன்றும். தனியாக வைத்தால், எந்த வியாபாரியிடமிருந்து எவ்வளவு பழுதான சரக்கு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

18ஆம் தேதி பாக்கி 85,000ஐத் தவணைக்கு முன்பே தீர்க்கிறார். அதற்கு வியாபாரி 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி தருகிறார். இதை ஏட்டில் காட்டியாக வேண்டும். சீக்கிரம் கட்டியதால் கிடைத்த ஆதாயம் இது.

உதிரிபாக வியாபாரி கணக்கு — பற்று 85,000
    வங்கிக் கணக்கு — வரவு 83,300
    பெற்ற தள்ளுபடிக் கணக்கு — வரவு 1,700
(கணக்கை முழுதாகத் தீர்த்தது)

இங்கே நாம் எழுதுவது காலமுறைச் சரக்கிருப்பு முறை. வாங்கும்போது கொள்முதல், விற்கும்போது விற்பனை, கடைசியில் இருப்பை எண்ணுவது. பில் போடும் மென்பொருளே ஒவ்வொரு பாகத்தையும் கழித்துக்கொண்டு வந்தால் அது தொடர் சரக்கிருப்பு முறை. அதில் விற்பனைக்கு இன்னொரு பதிவு சேரும் (விற்ற சரக்கின் அடக்கம் பற்று, சரக்கிருப்பு வரவு). இரண்டையும் பாதிப் பாதி கலக்க மட்டும் வேண்டாம்.

விற்பனையும் வருமானமும்

10ஆம் தேதி வரையிலான ரொக்க வசூல் 23,000. அதில் பாகங்கள் விற்றது 14,000, பழுதுபார்ப்புக் கூலி 9,000. (தினமும் எழுதுவதே முறை, இங்கே சுருக்கத்துக்காக ஒரே பதிவு.)

ரொக்கக் கணக்கு — பற்று 23,000
    விற்பனைக் கணக்கு — வரவு 14,000
    சேவை வருமானக் கணக்கு — வரவு 9,000
(ரொக்க விற்பனையும் கூலியும்)

12ஆம் தேதி ஓர் அலுவலகத்துக்குக் கடனுக்கு 30,000 மதிப்பில் பாகங்கள், 10,000க்கு வேலை. வேலை முடிந்து பொருள் கைமாறிவிட்டதால் பணம் வராவிட்டாலும் வருமானம் இந்த மாதத்தைச் சேர்ந்தது: அலுவலகக் கணக்கு பற்று 40,000, விற்பனை வரவு 30,000, சேவை வருமானம் வரவு 10,000. 22ஆம் தேதி அவர்கள் வங்கி மூலம் 25,000 அனுப்பும்போது வங்கி பற்று 25,000, அலுவலகக் கணக்கு வரவு 25,000. அப்போது மறுபடி விற்பனை என்று எழுதிவிட்டால் ஒரே வருமானம் இரு முறை ஏறிவிடும். சிறு கடைகளின் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

இதற்கு நேர் எதிரானது 15ஆம் தேதி நடக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த மாதம் முதல் ஒரு வருடப் பராமரிப்புக்கு 24,000 முன்கூட்டியே வங்கியில் செலுத்துகிறார். பணம் வந்துவிட்டது, வேலை இன்னும் தொடங்கவில்லை. இது நீங்கள் அவருக்குச் செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு.

வங்கிக் கணக்கு — பற்று 24,000
    முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கு — வரவு 24,000
(அடுத்த மாதம் தொடங்கும் ஒரு வருடப் பராமரிப்புக்குப் பெற்றது)

விற்பனை வரி வசூலிக்கும் தொழிலாக இருந்தால் வாடிக்கையாளரிடம் வாங்கும் வரியை விற்பனையில் சேர்க்காதீர்கள். அது அரசுக்குப் போக வேண்டிய பணம். செலுத்த வேண்டிய வரி என்று தனிக் கணக்கில் வரவு வையுங்கள்.

உரிமையாளர் எடுத்துக்கொண்டது

20ஆம் தேதி வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 5,000 எடுக்கிறார். கடையிலிருந்து 1,500 அடக்கவிலையுள்ள ஒரு பாகத்தையும் வீட்டுக் கணினிக்குக் கொண்டு போகிறார்.

எடுப்புகள் கணக்கு — பற்று 6,500
    ரொக்கக் கணக்கு — வரவு 5,000
    கொள்முதல் கணக்கு — வரவு 1,500
(உரிமையாளரின் சொந்த உபயோகத்துக்கு)

பாகத்தை விற்பனை விலைக்கு எழுதவில்லை, சம்பளம் என்றும் எழுதவில்லை. தனிநபர் தொழிலில் உரிமையாளர் தமக்கு எடுத்துக்கொள்வது செலவு ஆகாது, முதலைத்தான் குறைக்கும். எடுப்பதில் தவறே இல்லை. எடுத்ததை எழுதாமல் விடுவதுதான் கல்லாவுக்கும் ஏட்டுக்கும் பொருந்தாமல் போகப் பெருங்காரணம்.

மாதக் கடைசி

28ஆம் தேதி கடன் தவணை 6,000 வங்கியிலிருந்து பிடிக்கப்படுகிறது. கடன் அட்டவணைப்படி அதில் வட்டி 1,500, அசல் 4,500. எனவே வங்கிக் கடன் பற்று 4,500, வட்டி பற்று 1,500, வங்கி வரவு 6,000. உதவியாளர் சம்பளம் ரொக்கமாக 10,000: சம்பளம் பற்று, ரொக்கம் வரவு.

இனி பணம் கைமாறாத பதிவுகள். இவற்றில் பெரும்பாலானவற்றை நினைவூட்ட பில்லோ ரசீதோ வராது என்பதால் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

மின்கட்டணம் 3,000, பில் இன்னும் கட்டவில்லை. மின்கட்டணம் பற்று 3,000, செலுத்த வேண்டிய மின்கட்டணம் வரவு 3,000.

காப்பீட்டில் ஒரு மாதம் கழிந்தது. காப்பீட்டுச் செலவு பற்று 1,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு வரவு 1,000.

தேய்மானம். கருவிகள் மூன்று வருடம் உழைக்கும் என்று கொண்டால் 36,000ஐ 36 மாதங்களுக்குப் பிரித்து மாதம் 1,000. அறைகலன் எட்டு வருடம் என்றால் 48,000ஐ 96 மாதங்களுக்குப் பிரித்து 500. தேய்மானம் பற்று 1,500, திரண்ட தேய்மானம் வரவு 1,500. சொத்துக் கணக்கிலேயே கழிக்காமல் தனியாகத் திரட்டினால் வாங்கிய விலையும் தேய்ந்த அளவும் இரண்டுமே கண்முன் நிற்கும்.

சரிபார்ப்பு

எல்லாவற்றையும் பேரேட்டுக்குக் கொண்டுபோய் இருப்புகளை எடுத்தால் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் பட்டியலிட்டு மொத்தம் ஒப்பிடுவது) இப்படி நிற்கும்.

பற்று இருப்புகள்: வங்கி 3,39,700, ரொக்கம் 26,000, கருவிகள் 36,000, அறைகலன் 48,000, வாடகை முன்பணம் 60,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு 11,000, அலுவலக வாடிக்கையாளர் 15,000, கொள்முதல் 88,500, தொடக்கச் செலவு 6,000, வாடகை 12,000, சம்பளம் 10,000, மின்கட்டணம் 3,000, காப்பீட்டுச் செலவு 1,000, வட்டி 1,500, தேய்மானம் 1,500, எடுப்புகள் 6,500. மொத்தம் 6,65,700.

வரவு இருப்புகள்: முதல் 3,42,000, வங்கிக் கடன் 1,95,500, அறைகலன் விற்பனையாளர் 30,000, கொள்முதல் திருப்பம் 5,000, விற்பனை 44,000, சேவை வருமானம் 19,000, முன்கூட்டிப் பெற்ற வருமானம் 24,000, பெற்ற தள்ளுபடி 1,700, செலுத்த வேண்டிய மின்கட்டணம் 3,000, திரண்ட தேய்மானம் 1,500. மொத்தம் 6,65,700.

மொத்தம் பொருந்தாவிட்டால் தேடுவதற்குச் சில குறுக்கு வழிகள் உண்டு. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 83,300ஐ 38,300 என்று எழுதினால் வித்தியாசம் 45,000. வித்தியாசத்தில் பாதித் தொகை ஏதாவது ஒரு பதிவில் இருந்தால் அது பக்கம் மாறிப் போயிருக்கலாம்.

பொருந்தினாலும் உடனே நிம்மதி அடைந்துவிட முடியாது. எழுதாமலே விட்ட நடவடிக்கையை இருப்பாய்வு காட்டாது. முன்பணத்தை வாடகை என்று எழுதியிருந்தாலும் இரு பக்கமும் அழகாகச் சமமாகவே வரும். அதனால் கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணிப் பாருங்கள், வங்கி அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள், வாடிக்கையாளரிடமும் வியாபாரியிடமும் பாக்கியை உறுதி செய்துகொள்ளுங்கள். தவறு தெரிந்தால் அழித்து எழுத வேண்டாம். திருத்தப் பதிவு ஒன்று போட்டு, எந்தத் தேதிப் பதிவைத் திருத்துகிறீர்கள் என்று விளக்கக் குறிப்பில் எழுதுங்கள்.

இருப்பை எண்ணியபோது சரக்கு அடக்கவிலையில் 55,000 இருந்தது என்று கொள்வோம். கொள்முதல் 88,500இல் திருப்பம் 5,000ஐயும் இருப்பு 55,000ஐயும் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 28,500. வருமானங்கள் மொத்தம் 64,700; மற்றச் செலவுகள் 35,000. நிகர லாபம் 1,200. வங்கியில் மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கும்போது லாபம் ஆயிரத்துச் சொச்சம்தானா என்று மலைக்க வேண்டாம். வங்கியில் இருப்பதில் பெரும்பகுதி முதலும் கடனும் வாடிக்கையாளர் முன்கூட்டிக் கட்டிய பணமும். புதிய உரிமையாளர் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த வேறுபாட்டை வங்கி அறிக்கை ஒருநாளும் சொல்லாது. மேலே எழுதிய பதிவுகள்தான் சொல்கின்றன.

அடுத்த மாதம் கவனிக்க வேண்டியவை

மின்கட்டணத்தைக் கட்டும்போது செலுத்த வேண்டிய மின்கட்டணம் பற்று 3,000, வங்கி வரவு 3,000. செலவுக் கணக்கைத் தொட வேண்டாம். செலவு ஏற்கெனவே போன மாதத்தில் ஏறிவிட்டது. பராமரிப்பு வேலை தொடங்கியதால் அடுத்த மாதக் கடைசியிலிருந்து ஒவ்வொரு மாதமும் முன்கூட்டிப் பெற்ற வருமானம் பற்று 2,000, சேவை வருமானம் வரவு 2,000. காப்பீட்டுக்கும் தேய்மானத்துக்கும் இந்த மாதம் போட்ட அதே பதிவுகள். அறைகலன் விற்பனையாளரின் 30,000 பாக்கிக்கு எந்தத் தேதியில் பணம் தர வேண்டும் என்பதையும் அவருடைய பேரேட்டுப் பக்கத்தின் மேலேயே குறித்து வையுங்கள்.